மாலேயிலிருந்து ஒன்றரை மணித்தியாலம்

என் சித்தப்பா தன்னுடைய பிணத்துக்கு நாலு நாள் கேட்டிருக்கிறார். போன வாரம் வீட்டுக்கு வந்து, கதிரையில் சாய்ந்து, தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை, எனக்கு ஒண்டு நடந்தா மகன் வருமட்டும் வைச்சிருங்கோ. கனடாவில இருந்து வாறதெண்டா லேசுப்பட்ட வேலையே? நாலு நாளாவது வேணும்."

ஆளுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. காலையும் மாலையும் உள்துறைமுக வீதியில் கை வீசி நடக்கிறார். ஒரு இருப்பில் பதினைந்து இடியப்பம் இறங்கும். ஆனாலும் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிட வேண்டும் அவருக்கு. அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் நடக்கிற எல்லாமே தனக்கு வந்த கடிதம், தான் பதில் போட்டால்தான் நகரும் என்று இன்னும் நினைக்கிறார். நான் "ஓம் சித்தப்பா" என்றேன். அவர் போன பிறகு அவர் குடித்த கோப்பையை இரண்டு தரம் கழுவினேன்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. என் அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று என் தம்பி கேட்டான். அது அவனுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதற்குக் காரணம் கடலும் இல்லை, காலநிலையும் இல்லை. சித்தப்பாவின் கையில் இருந்த போன்.

வெளியூர்க்காரருக்காக எங்கள் வழக்கத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பிணம் எத்தனை நாள் வீட்டில் கிடக்கும் என்பது செத்தவரைப் பொறுத்த விஷயமில்லை. அவர் பெற்ற பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கனடா என்றால் நாலு நாள். லண்டன், சுவிஸ் என்றால் மூன்று. செத்த வீட்டுக் காரியம் பார்க்கிற மலர்ச்சாலைக்காரர், உடம்பு பழுதாகாமல் மருந்து ஏற்ற வரும்போதே கேட்பார், எத்தனை நாளைக்கு என்று. அதற்கேற்ற அளவைத்தான் ஏற்றுவார். மாலைதீவில் பிள்ளை இருந்தால்? மாலைதீவை இங்கே யாரும் வெளிநாடாகவே மதிப்பதில்லை. அங்கே போகிறவனை வழியனுப்ப ஒருவரும் வாடகைக்கு வான் பிடிப்பதில்லை. வந்தவனைப் பார்க்க அயலட்டைச் சனமும் கூடுவதில்லை. கொழும்பு தாண்டினால் அடுத்த பஸ் தரிப்பிடம் என்பது போலத்தான் நினைப்பு.

சித்தி செத்தபோது நாலு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் சாம்பிராணியைக் கூட்டிப் போட வேண்டியிருந்தது. யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. சித்தப்பா கேற்றடியில் நின்று, மகன் எந்த ஊரில் பிளேன் மாறுகிறான், அங்கே எத்தனை மணித்தியாலம் காத்திருக்கிறான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒப்புவித்துக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் தலையை ஆட்டி ஆட்டி மரியாதையோடு கேட்டார்கள். மகன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினான், கொள்ளி வைத்தான், எட்டுச் சடங்கு முடிந்த கையோடு திரும்பிப் போனான். அவனை நான் குறை சொல்லவில்லை. அவனுக்காகக் காத்திருந்தது சரிதான்.

என் தம்பி மாலைதீவில் ஒரு விடுதித் தீவில் ஏசி திருத்துகிறான். வெள்ளைக்காரர் வெயிலில் கிடந்து கறுத்துவிட்டு அறைக்குள் வந்ததும் குளிர வேண்டும். அதற்கு அவன். போன நாளிலிருந்து அவன் வாயில் இருந்தது ஒரே பேச்சு. "ஒன்றரை மணித்தியாலம்தானே அப்பா, நினைச்சா வந்திடுவன்." அப்படி நினைத்து அவன் வந்தது ஆறு வருஷத்தில் இரண்டே தரம். லீவு கிடைக்காது, கிடைத்தால் போட் இருக்காது, போட் இருந்தால் பிளேனில் இடம் இருக்காது. இரண்டாம் தரம் வந்தபோது வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, புறப்பட்டு இரண்டு நாளாகிறது என்று என்னிடம் சொன்னான். அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் அதே ஒன்றரை மணித்தியாலத்தைத்தான் சொன்னான்.

அப்பாவும் அதை நம்பினார். அதுதான் எனக்கு எரிச்சல். அவர் காலம் முழுக்க மூதூருக்கு லாஞ்சு ஓட்டியவர். கொட்டியாரக்குடாவில் காற்று மாறினால் பயணம் என்னவாகும் என்று தெரிந்தவர். எத்தனை மணிக்கு மூதூர் போகும் என்று பயணிகள் கேட்டால், "போனாப் பிறகு சொல்லுறன்" என்று எரிந்து விழுவார். அப்படிப்பட்ட மனிதர், மகன் சொன்ன ஒன்றரை மணித்தியாலத்தை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் விழுங்கிவிட்டார். கோயிலடியில் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் பனியைப் பற்றியும் பெரிய வீட்டைப் பற்றியும் அளந்துகொண்டிருக்கும்போது இவர் ஒன்றையே சொல்வார். "உங்கட ஆக்கள் எல்லாம் எங்கையோ நிக்கினம். என்ர பெடியன் ஒன்றரை மணித்தியாலத்தில நிக்கிறான்."

நானும் அதையேதான் சொல்லிவந்தேன். அப்பாவுக்கு நெஞ்சு இறுகுகிற நாட்களில், "பயப்பிடாதேங்கோ, தம்பி ஒன்றரை மணித்தியாலத்தில வந்திடுவான்" என்று முதுகைத் தடவிக்கொடுத்திருக்கிறேன்.

அப்பா ஒரு விடியற்காலையில் போனார். வாசல் கூட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார், நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போவதற்குள் முடிந்துவிட்டது. தம்பிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், இடைவேளைக்குத்தான் எடுக்கலாம் என்று அவன் சொன்னது நினைவு வந்தது. விஷயத்தை எழுதி அனுப்பினேன். நாலு தரம் எழுதி அழித்த பிறகுதான் அனுப்ப முடிந்தது.

ஏழு மணிக்கு சித்தப்பா வந்தார். அண்ணன் செத்துக் கிடக்கிறார். இவர் கால்மாட்டில் ஒரு நிமிஷம் நின்றார், கண்ணைத் துடைத்தார், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய பெரிய போன் அது.

"தம்பி எப்ப வருவான் எண்டு பாப்பம்."

"அவனோட இன்னும் கதைக்கேல்லை சித்தப்பா."

"கதைக்கத் தேவையில்லை. எல்லாம் இதில கிடக்கு."

போனில் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தார். அதில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால், நடுவே ஒரு கோடு கீறி, தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும். மாலே என்றும், கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா என்றும் போட்டார். எழுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். முகம் மலர்ந்தது. அதோடு விட்டாரா? கட்டுநாயக்காவையும் சீனக்குடாவையும் போட்டார். அதற்கும் ஒரு கோடு வந்தது. நாற்பது நிமிஷம். சீனக்குடா எங்களுக்குத் துறைமுகத்தின் அக்கரை, ஆட்டோவில் கொஞ்ச நேரம்.

"பாத்தியளே? ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிஷம்."

அந்தக் கோட்டின் மேல் அன்றைக்கு ஒரு பிளேன் பறக்கிறதா என்று பக்கம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையத்தைப் போட்டாலும் அது கோடு கீறும். கோடு கீறுவதற்கு பிளேன் எதற்கு?

"சீனக்குடாவுக்கு நினைச்ச நேரம் பிளேன் வராது சித்தப்பா" என்றேன்.

"வராட்டி ரோட்டால வான் பிடிச்சு வரட்டும். ஆறு மணித்தியாலம். எல்லாம் சேத்து ஏழரை. அதோட அங்க எங்களை விட அரை மணித்தியாலம் பிந்தி. அந்த அரை மணித்தியாலமும் லாபம்."

அங்கிருந்து இங்கே வருகிறவனுக்கு அது லாபமில்லை, நட்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லும். இவர் முப்பது வருஷம் கந்தோரில் கோப்புக் கட்டியவர். முற்றத்தில் நின்ற நாலைந்து ஆம்பிளைகள் அதற்கும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் ஆம்பிளைகள் கூடி நின்றால் ஒருவர் நேரம் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். செத்த வீட்டில் அவர்களுக்கு வேறு வேலையும் கிடையாது.

ஒன்பது மணிக்கு மலர்ச்சாலைக்காரர் வந்தார். பெட்டியைத் திறந்து சாமான்களை வெளியே எடுத்தபடி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எத்தனை நாளைக்கு?"

"ஒரு நாள் காணும்" என்றார் சித்தப்பா. "மகன் மாலைதீவில. இண்டைக்கு ராவைக்கே வந்திடுவான். நாளைக்கு மூண்டு மணிக்கு எடுக்கிறம்."

பத்து மணிக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போனது. பதினொரு மணிக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, நாளை பிற்பகல் மூன்று மணி என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். திரியாயிலும் தம்பலகாமத்திலும் இருக்கிற சொந்தங்களுக்குப் போனில் சொல்லியாயிற்று. நோட்டீஸைப் பார்த்தால் இறந்தது யார் என்பதைவிட எடுப்பது எப்போது என்பதுதான் பெரிய எழுத்தில் இருந்தது.

மத்தியானம் இடைவேளையில் தம்பி போன் எடுத்தான். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்.

"அக்கா, போட் நாளைக்கு விடியத்தான். பிறகு சின்னப் பிளேன் பிடிச்சு மாலேக்குப் போகோணும். அங்க இருந்து பின்னேரம்தான் கொழும்புக்கு சீற் கிடைச்சிருக்கு. பிறகு ராவு வான் பிடிச்சு நான் வீட்டை வர நாளையிண்டைக்கு விடிஞ்சிடும். அப்பாவை வைச்சிருங்கோ அக்கா. முகத்தை ஒருக்காப் பாத்தாக் காணும்."

நான் முற்றத்துக்குப் போய் சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தம்பி வரவில்லை என்ற கோபமில்லை. அவர் போனைப் பார்த்துச் சொன்ன கணக்கை ஒருவன் பொய்யாக்குகிறானே என்ற கோபம்.

"என்ன கதை இது? ஒன்றரை மணித்தியாலத்துக்கு ரெண்டு நாளோ? அவனுக்கு வர விருப்பமில்லையெண்டா அதைச் சொல்லச் சொல்லுங்கோ."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். நேரத்தை மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். நோட்டீஸ் ஒட்டியாயிற்று என்றார். ஒலிபெருக்கியில் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் சனம் சிரிக்கும் என்றார். சனம் சிரிக்கும்! அண்ணனின் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பயந்தது அதற்குத்தான்.

மலர்ச்சாலைக்காரருக்கு நானே போன் எடுத்தேன். அவர் நல்ல மனிதர், ஆனால் கைவிரித்துவிட்டார்.

"ஏலாது தங்கச்சி. ஒரு நாளைக்கெண்டுதானே அளந்து ஏத்தினனான். இந்த வெக்கைக்கு நாளைப் பின்னேரத்துக்கு மேல தாங்காது. முதலே சொல்லியிருந்தா நாலு நாளைக்கும் வைச்சிருப்பன்."

அடுத்த நாள் மூன்று மணிக்கு எல்லாம் சொன்னபடி நடந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் ஆட்கள் நேரம் தவறமாட்டார்கள். ஐயர் கிரியையை முடித்தார், நாங்கள் வாய்க்கரிசி போட்டோம், சித்தப்பா ஈர வேட்டியோடு கொள்ளி வைக்கத் தயாராக நின்றார். பெட்டியை மூடப் போகிற நேரத்தில் தம்பி வீடியோவில் வந்தான். மாலே விமான நிலையத்தில், பிளேனில் ஏறுகிற வரிசையில் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் அரைக் காற்சட்டை போட்ட வெள்ளைக்காரக் குடும்பமொன்று எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, முகத்துக்குக் கிட்டக் கொண்டு போங்கோ."

கொண்டு போனேன். அப்பாவின் நெற்றியும் மூக்கும் அவனுக்கு ஆடி ஆடித்தான் தெரிந்திருக்கும். அவன் "அப்பா" என்றான். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண்களின் சத்தத்தில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

"காணும் பிள்ளை, நேரம் போகுது" என்றார் சித்தப்பா.

"அக்கா, ஏறச் சொல்லுறாங்கள்" என்றான் தம்பி. படம் கறுத்துப் போயிற்று. பெட்டியை மூடினார்கள். தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டபோது சுவர் மணிக்கூட்டில் மூன்று பத்து.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நாங்கள் வீட்டைக் கழுவினோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, பூவையும் அரிசியையும் வாசலுக்குத் தள்ளினோம். துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பல் ஊதியது. நான் ஈர நிலத்தில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி இப்போது வானத்தில் இருக்கிறான். அப்பாவுக்கு இப்போது நெருப்பு வைத்திருப்பார்கள். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

ஆம்பிளைகள் திரும்பி வந்து கேற்றடியில் கால் கழுவினார்கள். "ஒரு குறையும் இல்லாம முடிஞ்சுது" என்றார் சித்தப்பா. அவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது.

"அக்கா, கட்டுநாயக்காவில இறங்கிட்டன்."

நாலு மணி நாற்பது. பக்கம் பொய் சொல்லவில்லை. ஒன்றரை மணித்தியாலம் என்று சொன்னது, ஒன்றரை மணித்தியாலம்தான் எடுத்தது. அப்பாவைத் தூக்கும்போது ஏறினான், எரித்துவிட்டு வரும்போது இறங்கினான்.

மறுநாள் விடிந்த பிறகு வந்து சேர்ந்தான். வான் ஆள் சேர்ந்து இரவுதான் வெளிக்கிட்டதாம், வழியில் யானை மறித்தும் நெடுநேரம் நின்றதாம். வேலைக்குப் போடுகிற நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை, சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் அப்படியே இருந்தது. நேரே உள்ளே வந்து, அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இடம் நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது. நான்தான் துடைத்தேன்.

சாம்பல் அள்ளுகிற காடாற்றுக்கு அவனைக் கூட்டிப் போக சித்தப்பா அதற்குள் வந்துவிட்டார். கையில் பால் செம்பு.

"வந்திட்டியே? பிரயாணம் எப்பிடி?"

தம்பி திரும்பி அவரைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

"சரியா ஒன்றரை மணித்தியாலம் சித்தப்பா."

அந்த மனிதருக்கு அதுகூட உறைக்கவில்லை. சந்தோஷப்பட்டார். என் பக்கம் திரும்பி, "நான் சொன்னனான்தானே பிள்ளை" என்றார். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அப்படியே சொன்னார்.

அவர்கள் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்த பிறகு, குசினி வாசலில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது தம்பி என்னிடம் ஒன்று கேட்டான்.

"அக்கா, எத்தனை நாளைக்கு மருந்து ஏத்துறது எண்டு மலர்ச்சாலைக்காரர் ஆரிட்டைக் கேட்டவர்?"

"சித்தப்பாட்டை" என்றேன்.

அது உண்மை. ஆனால் பாதி. சித்தப்பா ஒரு நாள் காணும் என்று சொன்னதும் மலர்ச்சாலைக்காரர் உடனே ஏற்றிவிடவில்லை. அவர் எத்தனையோ செத்த வீடுகளைப் பார்த்தவர். சித்தப்பாவைத் தாண்டி, கதவடியில் நின்ற என்னைப் பார்த்தார். "மகளல்லோ சொல்லோணும். ஒரு நாள் காணுமோ தங்கச்சி?" என்று கேட்டார்.

எனக்கு எல்லாம் தெரியும். போட் எப்போது என்று தெரியும், சின்னப் பிளேன் தெரியும், வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றியபடி இரண்டு நாள் என்று அவன் சொன்னதும் தெரியும். அவனோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் முற்றம் நிறைய ஆட்கள் நின்றார்கள், சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுகூடக் காரணமில்லை. அந்த நேரத்தில் எனக்கும் மாலைதீவு கிட்டத்தான் இருந்தது. கனடா என்று இருந்தால் நான் யோசித்திருப்பேன்.

"ஓம்" என்றேன். அவர் குனிந்து அளந்து எடுத்தார்.

தம்பி இன்னும் அங்கேதான் ஏசி திருத்துகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். போன வாரம் சித்தப்பா வந்து நாலு நாள் கேட்டுவிட்டுப் போனதைச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தான், நானும் சிரித்தேன். பிறகு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

"அந்தாளாலதான் அக்கா நான் அப்பாட முகத்தைப் பாக்காமப் போனது."

வழக்கம் போல நான் "ஓம்" என்றேன்.